குளிர்ப் பாசிக்குக் காவல் இருந்தவன்

பாசி வளர்க்கிறதும் ஒரு வேலையோ எண்டு கேட்கிற ஆக்களுக்கு நான் ஒரு மறுமொழிதான் வைச்சிருக்கிறன்: பாசி தானா வளரும், அதைச் சாகாமப் பாக்கிறதுதான் வேலை.

திருகோணமலைத் துறைமுகத்தடியில வேலை செய்தனான் எண்டவுடன உங்கட முகம் மாறுறது எனக்குத் தெரியுது. கப்பல் வரும், சுறா வரும், பழைய எண்ணெய்த் தாங்கியளைப் பற்றி ஏதும் ரகசியம் வரும் எண்டு கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டிட்டியள். தயவு செய்து பின்னுக்குத் தள்ளுங்கோ. நான் பதின்மூண்டு வருசம் இருந்தது கரையோரத்தில ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தில, ஆய்வுகூட உதவியாளனா. அதில கடைசி ரெண்டு வருசமும் ஒரு குளிர்ப்பெட்டிக்கு முன்னால. பெட்டிக்குள்ள எட்டுக் கண்ணாடிக் குடுவை. குடுவைக்குள்ள பச்சைத் தண்ணி. கப்பலும் இல்லை, சுறாவும் இல்லை.

ஆனா ஒண்டு. ஆரும் தங்கட சாமானை உங்கட கையில தந்திட்டுப் போகேக்க "கவனம்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவினமெல்லோ, அந்தச் சொல்லைக் கேட்டு நித்திரை கொள்ளாத ஆக்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர். இது உங்களுக்குத்தான். இன்னொண்டும் சொல்லிப்போடுறன்: மற்றவையின்ர குரல் எடுத்துக் கதைக்கிறது எனக்குச் சின்னனில இருந்தே பிடிச்ச வருத்தம். மருந்தில்லை. ஆரின்ர குரல் எண்டு உங்களுக்கு விளங்கத்தக்கதா எழுதப் பாக்கிறன்.

விருந்தாளி

தர்ஷினி மிஸ் கிளிவெட்டி ஊர்ப் பிள்ளை, வயல்காரக் குடும்பம். ஆராய்ச்சிப் பட்டம் செய்ய எங்கட நிலையத்துக்கு வந்தவ. வந்து ரெண்டாம் மாதம் அவவுக்கு வெளிநாட்டில இருந்து ஒரு பொதி வந்தது. சுத்திவர ஐஸ், நடுவில விரல் பருமனில ஒரு குப்பி, குப்பிக்குள்ள ஒரு சொட்டுப் பச்சை. வடதுருவக் கடலில, மிதக்கிற பனிக்கட்டிக்குக் கீழ வாழுற பாசியாம். மைக்கிரஸ்கோப்பில பார்த்தன். ஒவ்வொண்டும் சின்ன முட்டை மாதிரி, முன்னுக்கு ரெண்டு வால் மயிர், அதை அடிச்சு அடிச்சு நீந்துதுகள். நாலு டிகிரி குளிர் எங்களுக்கு விறைக்கும், அதுகளுக்கு அது சொந்த ஊர்.

மிஸ்ஸின்ர கேள்வி ஒண்டுதான். கடல் சூடாகிக்கொண்டு வருது. குளிருக்கெண்டே பிறந்த சீவன் என்ன செய்யும்? எழும்பி ஓட இடமில்லை, அது ஏற்கெனவே உலகத்தின்ர விளிம்பில இருக்கு. மெல்ல மெல்லச் சூட்டைக் கூட்டினா அது பழகுமோ, சாகுமோ? அவவின்ர பட்டம் முழுக்க அந்த ஒரு கேள்வியில தொங்கிச்சு. "பழகும் எண்டு நினைக்கிறன் அண்ணா" எண்டு சொல்லித்தான் என்ர கையில பெட்டித் திறப்பைத் தந்தவ. பிறகு அந்தச் சொல்லையும் சொன்னவ: "கவனம்."

வீட்டில போய்ப் பெருமையாச் சொன்னன். வெளியில மண் சுடுற வெயில். எங்கட அறைப் பேன் ஆடி ஆடி நிண்டுபோய் ஒரு மாதம். மனிசி மரக்கறி வெட்டின கத்தியைக் கீழ வைச்சிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"பாசிக்குக் குளிர் அறை பிடிச்சுக் குடுக்கிற உங்கட கந்தோர், பொஞ்சாதிக்கு ஒரு பேன் மோட்டர் தராதோ?"

பசி கூடின காலம்

வேலை இப்பிடித்தான். எட்டுக் குடுவையில ஒண்டு தாய்க் குடுவை, அது எப்பவும் பெட்டியின்ர கீழ்த்தட்டில தனியா, நாலு டிகிரியில. மற்ற ஏழுக்கும் மாதம் ஒரு டிகிரி கூட்டிக்கொண்டு போகவேணும். கிழமைக்கு ஒருக்கா ஒரு கரண்டி பாசியை எடுத்துப் புதுக் கடல்தண்ணியில விடவேணும். அந்தத் தண்ணியைக் கொண்டு வாறது கிண்ணியா ஜெமீல் நானா. தோணியில துறைமுகத்துக்கு வெளியில போய்க் கானில அள்ளிக்கொண்டு வருவார். நாங்கள் அதை வடிச்சு, பிறஷர் குக்கர் மாதிரி ஒரு பாத்திரத்தில அவிச்சு, அதுக்குள்ள ஒரு உயிரும் இல்லாமப் பண்ணி, ஆறவைச்சு எடுப்பம். குடுவை வாயில பஞ்சு மூடி. மூடி நனையக்கூடாது, நனைஞ்சா அந்தக் குடுவையை ஊத்திப்போட வேணும். வேற ஒரு சீவன் உள்ளுக்க போச்செண்டால் பிறகு ஆர் ஆரெண்டு தெரியாது. இது எங்கட வேலையில முதலாம் சட்டம்.

அஞ்சு டிகிரி, ஆறு, ஏழு. நான் பயந்து கொண்டிருக்க, பாசி முந்தியை விடக் கெதியா வளருது! எட்டில இன்னும் வேகம். தாய்க் குடுவை வெளிர் பச்சையா இருக்க, மற்றதுகள் வாழை இலை மாதிரி. சூடு கண்டவுடன பசி கூடிப்போச்சு. நான் ஆய்வுகூடத்துக்குள்ள கலியாண வீட்டு மேளம் மாதிரி வாயால அடிச்சுக்கொண்டு ஒரு சுத்துச் சுத்தினன். மிஸ் சிரிச்சா. பிறகு குடுவையை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்தபடி சொன்னா:

"காய்ச்சல் வாற பிள்ளையும் முதல் நாள் முகம் சிவந்து வடிவாத்தான் இருக்கும், அண்ணா."

எந்தச் சேர்?

பத்து டிகிரிக்கு வந்த மாதம். ஒரு மத்தியானம் கரண்ட் போச்சு. போனது வரேல்ல. ஜெனரேற்றரைத் தட்டினா, அது ஒரு இருமல் இருமிட்டுப் படுத்திட்டுது. திறந்து பார்த்தா அணில் கூடு. மிஸ் கொழும்பில. எங்கட நிலையத்துப் பொறுப்பாளர், பெரிய சேரையும் காணேல்ல. குளிர்ப்பெட்டி மேல்தட்டில சூடு காட்டுற முள்ளு பத்தில இருந்து பதினொண்டுக்கு ஏறுது.

நான் கரண்ட் கந்தோருக்கு அடிச்சன். முதல் தரம் என்ர குரலில. "பாப்பம்" எண்டு வைச்சிட்டினம். சாதாரண உதவியாளன் கதைச்சா அவ்வளவுதான் எண்டு எனக்கு விளங்கிட்டுது. ரெண்டாம் தரம் பெரிய சேரின்ர குரலில அடிச்சன். அவற்ற குரல் எடுக்கிறது லேசு: ரெண்டு தரம் தொண்டையைச் செருமவேணும், மூண்டு தரம் "அதாவது" சொல்லவேணும், பிறகு ஒரு பெருமூச்சு. "அதாவது... அதாவது... நான் ஆராய்ச்சி நிலையத்துப் பொறுப்பாளர் கதைக்கிறன். அதாவது, சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஒரு சீவன் இஞ்ச உயிருக்குப் போராடுது." பெருமூச்சு. எனக்கே மரியாதை வந்திட்டுது.

அந்தப் பக்கத்தில இருந்து கிளாக்கர் மிச்சம் பணிவாக் கேட்டார்:

"பொறுப்பாளர் சேர் இதே கரண்டுக்காக வந்து எனக்கு முன்னால கதிரையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறார், நீங்கள் எந்தச் சேர்?"

மீன் ஐஸ்

முள்ளு பன்னிரண்டு. மிஸ் கொழும்பில இருந்து போனில. "என்ன செய்வியளோ தெரியாது, யோகன் அண்ணா. குளிரை மட்டும் விடாதேங்கோ." குரல் நடுங்குது. அதை நான் எடுத்துக் காட்டமாட்டன்.

சன்னலால பார்த்தன். கீழ இறங்குதுறையில ஜெமீல் நானா தோணியைக் கட்டுறார். அவரிட்ட மீனுக்கு ஐஸ் போடுற வெள்ளை ரெஜிபோம் பெட்டி. காலமை பாரை மீன் எல்லாம் வித்திட்டார், ஐஸ் அரைவாசி மிச்சம். "நானா, உங்கட பெட்டி வேணும்!" எண்டு கத்தினன். அவர் என்ன ஏதெண்டு கேட்கேல்ல, பெட்டியைத் தலையில தூக்கிக்கொண்டு படியேறினார். மீன் மணத்தோட எட்டுக் குடுவையும் ஐஸுக்குள்ள இறங்கிச்சு. வடதுருவத்தில இருந்து வந்த விருந்தாளியள் பாரை மீன்ர படுக்கையில! நான் அதுகளின்ர குரலில முறைப்பாடு சொல்லிக் காட்ட, நானா விழுந்து விழுந்து சிரிச்சார்.

மூண்டு மணித்தியாலத்தால கரண்ட் வந்தது. ஒவ்வொரு குடுவையா எடுத்துத் துடைச்சன். ஆறு வரைக்கும் பிரச்சினையில்லை. ஏழாவது கொஞ்சம் சரிஞ்சு கிடந்தது. பஞ்சு மூடி நனைஞ்சு ஊறிப்போய். மீனோட வந்த கடல்தண்ணியும் கலந்த அந்த உருகின தண்ணி உள்ளுக்க போச்சோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. ஒரு சொட்டாத்தான் இருக்கும். சட்டப்படி அதை ஊத்திப்போட வேணும். நான் மூடியை மாத்தி, குடுவையைத் துடைச்சு, மற்றதுகளுக்கு நடுவில வைச்சன். அப்ப போன் அடிச்சுது. "எல்லாம் பத்திரம் மிஸ்" எண்டன். அவ அழுதா.

"அண்ணா, என்ர ஆய்வுப் புத்தகத்தில நன்றி சொல்லுற பக்கத்தில முதல் பேர் உங்கடதுதான்."

ஆறும் போனது

பன்னிரண்டு டிகிரியில நீச்சல் நிண்டுது. பாசியள் வாலைக் கழட்டிப்போட்டு, ஒண்டோட ஒண்டு ஒட்டிக் குழுக் குழுவா அடியில போய்க் குந்திச்சுதுகள். மழைக்கு ஒதுங்கின ஆக்கள் மாதிரி இருந்துது. பதின்மூண்டில நிறம் மங்கிச்சு. பதினாலில மஞ்சள். நான் மிஸ்ஸிட்டக் கேட்டன், ஏன் இப்பிடி எண்டு. அவ சொன்ன விளக்கம் எனக்கு இண்டைக்கும் மறக்கேல்ல. மலைக்குளிர் நுவரெலியாவுக்குத் தேங்காயெண்ணெய் கொண்டு போனா உறைஞ்சு போகுமெல்லோ? இந்தப் பாசியின்ர தோல் ஐஸுக்குள்ளயும் உறையாத மாதிரி ஒரு எண்ணெயால செய்தது. அதுதான் அதின்ர கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனந்தான் சூட்டில அதுக்கு வினை. தோல் இளகிப்போகும், உள்ளுக்க இருக்கிறதைப் பிடிச்சு வைச்சிருக்க ஏலாது. வெயில் குடிச்சுச் சாப்பாடு செய்யிற வேலையும் குழம்பிப் போகும்.

பதினஞ்சு, பதினாறு. ஒவ்வொண்டா வெள்ளைக் கழிவாப் போச்சு. காலமையில வந்து நான் குடுவையைத் தூக்கிப் பார்த்து, கழுவுற தொட்டிக்குப் பக்கத்தில வைப்பன். மிஸ் திகதி எழுதுவா. ஆறும் போச்சு. ஏழாவதும் வெளிறித்தான் கிடந்தது. அவ அதையும் எழுதக் கொப்பியைத் திறந்தா. நான் சொன்னன், இன்னும் ஒரு கிழமை பாப்பம் எண்டு. ஏன் சொன்னனான் எண்டு கேட்காதேங்கோ. பதினேழு டிகிரியில, ஏழாவது குடுவையில, புகை மாதிரி ஒரு பச்சை.

பதினெட்டில கடும் பச்சை. மைக்கிரஸ்கோப்பில பார்த்தா, முந்தினதை விடச் சின்னனா, உருண்டையா, வால் இல்லாமல். மிஸ் கொப்பியை இழுத்து எழுதத் தொடங்கினா. "சூட்டில உடம்பு சின்னனாகும் எண்டு படிச்சனாங்கள் அண்ணா. வாலை அது முதலே விட்டிட்டுது. எல்லாம் சரியா வருது!" எனக்கு நனைஞ்ச பஞ்சு ஞாபகம் வந்தது. வாய் திறந்தன். அவவின்ர முகத்தைப் பார்த்தன். மூடினன். இதுவும் பழகின பாசியாத்தான் இருக்கும், ஏன் இருக்கக்கூடாது எண்டு எனக்கு நானே கதை சொன்னன். நான் நல்லாக் கதை சொல்லுவன்.

செய்தி கேட்டுப் பெரிய சேர் மாடியால இறங்கி வந்தார். குடுவையைப் பார்த்தார். ரெண்டு தரம் செருமினார்.

"அதாவது... அதாவது... இது நடக்குமெண்டு நான் அப்பவே சொன்னனான்."

கிளிவெட்டி ஐயா

இருபத்தொரு டிகிரியில நிக்கேக்க மிஸ்ஸின்ர அப்பா வந்தார். ஆசுபத்திரியில கண் காட்ட வந்தவர், மகளையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு. கையில ஒரு பை அவிச்ச கச்சான் கடலை. எனக்கு அரைவாசியை அள்ளித் தந்திட்டு, குளிர்ப்பெட்டிக் கண்ணாடியில நெத்தி முட்டப் பார்த்துக்கொண்டு நிண்டார்.

வயல்காரர் கதைச்சா நெல்லிலதான் போய் நிக்கும். போன போகம் நெல் பூக்கிற கிழமையில பொல்லாத வெக்கையாம். கதிர் எல்லாம் நிமிந்து நிண்டுதாம். பாக்க வடிவு. நெல்லு முத்தினாக் கதிர் குனியும், இது குனியேல்ல. கசக்கிப் பார்த்தா எல்லாம் மணியில்லாத சப்பட்டை. வேற இன நெல் மாத்தச் சொல்லி விவசாயக் கந்தோரில சொல்லினமாம். இவருக்கு மனமில்லை. அந்த நெல்லு வருசக் கணக்கா அவற்ற காணியில நிண்ட நெல்லு.

மகள் ஏழாவது குடுவையைக் கையில குடுத்து, துருவத்தில இருந்து வந்து இருபத்தொரு டிகிரியில நிக்கிற கதையைச் சொன்னா. மனுசன் குடுவையை ரெண்டு கையாலயும் பிடிச்சபடி என்னைப் பார்த்தார். நான் கச்சான் உடைச்சுக்கொண்டிருந்தன். நிமிரேல்ல.

"அப்ப பழகும் எண்டுறாய் பிள்ளை, அப்ப நான் அந்த நெல்லையே இந்தப் போகமும் விதைக்கிறன்."

ஒத்திகை

இருபத்துநாலு டிகிரி. ஏழாவது குடுவை கறிவேப்பிலை மாதிரிக் கடும் பச்சை. அடுத்த நாள் காலமை கொழும்பில இருந்து ஆய்வைச் சோதிக்க மூண்டு பேர் வருகினம், மிஸ் அவைக்கு முன்னால எல்லாத்தையும் விளக்கவேணும். அவவுக்குப் பயம். "அண்ணா, நீங்கள் அவையள் மாதிரிக் கேள்வி கேளுங்கோவன், எனக்குப் பழகும்." எனக்கு இது அல்வா சாப்பிடுற மாதிரி. மேசைக்கு அங்கால இருந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பெரிய சேரின்ர குரலை எடுத்தன். அந்த நேரம் ஜெமீல் நானா தண்ணிக் கானோட வந்து, விளையாட்டைப் பாக்க வாசலில நிண்டிட்டார்.

"அதாவது, மிஸ், குடுவைக் கண்ணாடியில பாசி ஒட்டிக்கொண்டிருக்கே, முந்தி அப்பிடி ஒட்டினதோ?"

"இல்லை சேர். சூட்டுக்குப் பழகினதால வந்த புதுக் குணம் எண்டு நினைக்கிறம்."

"அதாவது, இதைத் திரும்பவும் நாலு டிகிரியில வைச்சுப் பார்த்தியளோ?"

"வைச்சனாங்கள் சேர். வளரேல்ல. அது குளிரை மறந்திட்டுது."

வாசலில நானா தொண்டையைச் செருமினார். நான் அவரைப் பாக்கேல்ல. பெரிய சேரின்ர குரலுக்குப் பின்னால ஒளிச்சுக்கொண்டு, நான் கேட்டன். அவ்வளவு நாளும் கேட்காததைக் கேட்டன்.

"அதாவது... இந்தக் குடுவைக்குள்ள... வேற ஏதும் பாசி தவறிப் போயிருக்க இடமிருக்கோ?"

மிஸ் யோசிக்கவே இல்லை. சிரிச்சுக்கொண்டு மறுமொழி சொன்னா. "வாய்ப்பே இல்லை சேர். எங்கட யோகன் அண்ணா பாக்கிறவர். ஒரு மூடி நனைஞ்சாலும் எனக்குச் சொல்லுவார்."

பெருமூச்சு விடவேணும், அதுதான் சேரின்ர முறை. எனக்கு மூச்சு வரேல்ல. ஜெமீல் நானா கானைக் கீழ வைச்சார். "நான் ஒண்டு சொன்னாக் கோவிக்கப்படா" எண்டபடி உள்ளுக்க வந்து, ஏழாவது குடுவையைச் சரிச்சு, வெளிச்சத்துக்குப் பிடிச்சார். தண்ணி ஒரு பக்கம் போக, கண்ணாடியில பச்சை ஒட்டினபடி நிண்டுது. பெருவிரல் நகத்தால கண்ணாடிக்கு வெளியில சுரண்டுற மாதிரி ஒரு இழுவை இழுத்தார். மிஸ் சிரிப்பை நிப்பாட்டினா. அவவின்ர கண் குடுவையில இருந்து மெல்ல என்னட்ட வந்தது.

"மிஸ், ஒங்கட குளிர்ப் பாசி எப்பயோ மௌத்தாப் போச்சு, இது கிழமைக்கு ஒருக்கா நான் தோணி அடியில சுரண்டுற பாசி, இவன் சூட்டுலயே பொறந்தவன்."

துறைமுகத்தடியில உள்ள எல்லாற்ற குரலும் எடுக்கத் தெரிஞ்ச நான், என்ர குரலில சொல்லவேண்டிய ஒரேயொரு வசனத்தை ஒரு வருசத்துக்கு மேலாப் பொத்தி வைச்சிருக்க, தண்ணிக் கானோட வந்த மனுசன் அதை ஒரு மூச்சில சொல்லிப்போட்டார்.